ரேடியேட்டர் குடித்த ஊற்றுத் தண்ணீர்

சூசமிர் மலைப் பக்கம் டிரைவர் ஜுமாதிலின் வாடகைக் காரைத் தெரியாதவர் கிடையாது. முப்பது வருஷத்துப் பழைய ஜெர்மன் கார். தோல் இருக்கை, உள்ளே மர வேலைப்பாடு, ஒரு காலத்தில் யாரோ மந்திரி போன வண்டியாம். இருந்து என்ன பிரயோசனம், கணவாய் ஏறினால் எஞ்சின் கொதித்துவிடும். அந்தச் சூட்டை இழுக்கக் கோடையிலும் ஹீட்டரை முழுசாகத் திறந்துவைப்பார் மனிதர். நீராவிக் குளியலுக்குத் தனிக் காசா என்று பயணிகள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார், பாவம்.

ஒரு பனிக்காலத்தில் வண்டி சறுக்கி, பள்ளத்தின் விளிம்பு வரை போய் மீண்டு வந்தார். அன்றிலிருந்து அவர் மனைவி சூரா, முட்டிவலியோடு மலையேறி, மசார் என்கிற மகான் அடக்கத்தலத்தின் புனித ஊற்றில் வேண்டிக்கொண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவாள். வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாதென்று, வாய் திறக்காமல் வண்டி இருக்கையில் வைப்பாள். மசார் தண்ணீர் கிடைத்தால் வண்டிக்கு ஊற்றுவது அந்தப் பக்கத்து டிரைவர்கள் வழக்கம். ஜுமாதிலும் பயபக்தியோடு ரேடியேட்டரில் ஊற்றி வந்தார்.

வினை அதில்தான் இருந்தது. மெக்கானிக் எர்மெக் ரேடியேட்டரை அறுத்துக் காட்டினான். உள்ளே சுண்ணாம்பு கல்லாய் இறுகிக் கிடந்தது. இனி அந்தத் தண்ணீரை ஊற்றினால் எஞ்சினையே மறந்துவிட வேண்டியதுதான் என்றான். புது ரேடியேட்டர் போட்டு, கடையில் விற்கும் கூலண்ட்டை ஊற்றினார்கள்.

சூராவிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது? ஏறிய ஏற்றமெல்லாம் வீண் என்று தெரிந்தால் அவள் மனசு உடைந்துபோகும். புனித நீரைத் தரையில் கொட்டவும் கூடாது. ஆகவே அவரே குடித்தார். நாக்கில் சுண்ணாம்பு ஒட்டும், குமட்டும். ஆனாலும் குடித்தார். பொழுதோடு அவர் வீடு திரும்புவதைப் பார்த்து, ஊற்று கண் திறந்துவிட்டது என்று சூரா பூரித்துப்போனாள்.

மகள் பெர்மெத்துக்குக் குழந்தை பிறந்தது. பார்க்க இருவரும் பிஷ்கெக் கிளம்பினார்கள். வழக்கம்போல இருக்கையில் பாட்டில் இருந்தது. கணவாய் அடிவாரத்தில் ஜுமாதில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, அதன் மறைவில் மடக் மடக்கென்று குடித்தார். பாதியில் திரும்பினால் பக்கத்தில் சூரா நிற்கிறாள்.

தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார்: அறுத்துப் பார்த்தது, சுண்ணாம்பு, இந்த நாலு மாதத் திருட்டுக் குடி.

சூரா பாட்டிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அப்போ அதுக்கு முன்னாடி இத்தனை வருஷமும் வண்டிக்கா ஊத்துனீங்க, பெர்மெத் அப்பா?"

"ஆமா."

"கூறுகெட்ட மனுஷா. இந்தத் தகர டப்பாவுக்கா நான் மலையேறினேன்? நீங்க நல்லபடியா வீடு வந்து சேரணும்னுதானே வேண்டிக்கிட்டேன். உங்களுக்குக் குடிக்கத்தானே கொண்டாந்தேன்."

ஜுமாதிலுக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டிலை மறுபடி தூக்கி, மிச்சத்தையும் அவள் பார்த்துக்கொண்டிருக்கவே குடித்து முடித்தார்.