ஆற்றைப் பார்த்து ஒரு நிரை

கட்டுகஸ்தோட்டையில் மகாவலி ஆற்றைப் பார்த்தபடி ஒரு பொது மண்டபம் இருக்கிறது. அதன் மேல்மாடியில்தான் நான் சிங்களம் படித்தேன். காலை வேளையில் ஆற்றிலிருந்து எழும்பும் பனி ஜன்னல் வரைக்கும் வரும். கொஞ்ச நேரத்துக்கு அக்கரையும் இருக்காது, பாலமும் இருக்காது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து பஸ் ஹோன் மட்டும் கேட்கும். இன்றைக்கும் சிங்களத்தில் எதையாவது சொல்ல வாயெடுத்தால் முதலில் அந்தப் பனிதான் வருகிறது. சொல் அதற்குப் பிறகுதான்.

அறுபது தாண்டியவளுக்கு எதற்குச் சிங்களம் என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். சிரித்து மழுப்பினேன். காரணம் இதுதான்: மாதத் தீட்டு நின்று எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு எனக்கு மறுபடியும் இரத்தம் பட ஆரம்பித்திருந்தது.

மகன் டவுனில் வாவிக்கரையோரம் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். அங்கேயே ஒரு கடையில் வேலை செய்கிறவன், சிங்களம் அவனுக்குத் தண்ணீர் மாதிரி. டொக்டர் ஒரு சிங்கள அம்மா. மகன் என் பக்கத்தில் குனிந்து, “என்னாம்மா செய்யுது? சொல்லுங்க, நான் சொல்றேன்” என்றான். பெற்ற பிள்ளைதான். ஆனாலும் அந்தப் பேச்சை அவன் வாய் வழியாக எப்படி அனுப்புவது?

“முழங்கால் வலிக்குது தம்பி” என்றேன்.

பூசுவதற்கு மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதை ஒழுங்காகப் பூசிக்கொண்டேன். முழங்கால் என்றைக்கும் போல நன்றாகத்தான் இருந்தது.

வேறு வழி இல்லாமல் இல்லை. அங்கே தமிழ் தெரிந்த ஓர் உதவியாளர் இருந்தார். ஆனால் அவர் ஆம்பிளை, அதிலும் வரிசையில் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கிற குரல். மருமகளோ வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருந்தாள். அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூட்டிப்போனால் அன்றைக்கே அது தெருவுக்கே தெரிந்துவிடும். நானே சொன்னால்தான் உண்டு. அந்த நேரத்தில்தான் பெரியவர்களுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

முதலில் ஒரு மாஸ்டர் இருந்தார். கரும்பலகை நிறைய உருண்டை உருண்டையாக எழுத்துப் போடுவார். புசல்லாவைப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு மறுபடி ஒரு கரும்பலகை கிடைத்தது பெரிய சந்தோஷம். எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது என் குரலும் அதற்குள் நனைந்து போய்க்கொண்டிருக்கும். ஆனால் ஒவ்வொருவராக எழும்பிச் சொல்லச் சொல்வார். நான் எழும்புவேன், சேலைத் தலைப்பு தானாக வாய்க்குப் போய்விடும். அவ்வளவுதான்.

“பரவாயில்ல, இருங்க அம்மா. வயசாயிருச்சுதானே” என்பார். நல்ல மனிதர். ஆனால் அவர் ‘பரவாயில்ல’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நான் முன்வரிசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடைசி வாங்குக்குப் போய்விட்டேன்.

என் பக்கத்தில், அக்குறணை ஊரிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் பெண்மணி உட்கார்ந்திருப்பார். துணிக்கடை வைத்திருக்கும் வீடு. அக்காவை அவர்கள் தாத்தா என்பார்கள்; நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். தாத்தாவுக்கு இடது காது கேட்காது. “என்ன புள்ள, வாய்க்குள்ள கொழுக்கட்ட வெச்சீக்கியா? நீ சொல்றது கேக்குற காதுக்கே கேக்குதில்ல, கேக்காத காது என்ன செய்யும்?” என்று வகுப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொல்வார்.

பிறகு மாஸ்டர் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். ஒரு சின்ன வயது மிஸ் வந்தார். சிங்களப் பிள்ளை, தமிழை இரண்டு கைகளாலும் பிடித்துப் பிடித்துப் பேசுவார். கரும்பலகை வேண்டாம் என்றார். கதிரைகளை வட்டமாகப் போட்டார். பந்து எறிவோம், பிடித்தவர் பேச வேண்டும். எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. புதிய முறை இது, யாரும் கடைசி வாங்கில் இல்லை என்று மிஸ்ஸுக்குப் பெருமை.

எனக்கோ மாஸ்டரின் கரும்பலகையே தேவலை என்று இருந்தது. அங்கே எனக்கு முன்னால் முதுகுகளாவது இருந்தன. வட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண். பந்து என் மடியில் விழுந்தால் சூடான சட்டி விழுந்தது போல அடுத்தவரிடம் தள்ளிவிடுவேன். இடையில் இரண்டு தடவை கிளினிக் நாள் வந்து போனது. மகனிடம் முழங்கால் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டேன். துணியில் பட்டதை விடியுமுன் அலசிப் போட்டேன்.

ஒரு நாள் வகுப்பு முடிந்தபின் எல்லோருக்கும் சம்பலுக்கென்று மிஸ் ஒரு கட்டு வல்லாரை கொண்டுவந்திருந்தார். அதை ஆய்ந்து தருகிறேன் என்று ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது. விரல்கள் அவை பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டிருந்தன. பின்னாலிருந்து யாரோ சிங்களத்தில், இன்றைக்கு வீட்டில் என்ன சமையல் என்று கேட்டார்கள். பருப்பும் கருவாடும், மகனுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது என்று சொன்னேன். சொன்னதெல்லாம் சிங்களம். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மிஸ் முன்னால் வந்து நின்றார். நான் உடனே தலைப்பை எடுத்தேன்.

“ஐயோ அம்மா, மூட வேணாம்! இப்ப நல்லா பேசினது. ஏன் வட்டத்துல பேசுறது இல்ல?”

அவருக்குத் தமிழிலேயே சொன்னேன். தோட்டத்தில் நாங்கள் முகம் பார்த்துப் பேசிப் பழகவில்லை. கொழுந்து எடுக்கும்போது ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை. முகம் செடிக்கு, கை கொழுந்துக்கு, பேச்சு மட்டும் பக்கத்து நிரைக்கு. மாமியார் சொன்னது, புருஷன் குடித்துவிட்டு வந்தது, வயிற்றில் தங்காமல் போன பிள்ளை எல்லாம் அப்படித்தான் வெளியே வரும். கேட்கிறவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்த்தால் சொல்கிறவள் நிறுத்திவிடுவாள். பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை.

மிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வல்லாரைத் தண்டை எடுத்து ஆயத் தொடங்கினார்.

அடுத்த கிழமை போனபோது கதிரைகள் எல்லாம் ஜன்னலைப் பார்த்து ஒரே நிரையாக இருந்தன. ஆளுக்கு ஒரு பிடி கீரை. யாரும் யாரையும் பார்க்க வேண்டாம், ஆற்றைப் பார்த்துப் பேசுங்கள் என்றார் மிஸ். தாத்தாவுக்கு அது சரிவரவில்லை. உதட்டைப் பார்த்தால்தான் அவருக்குப் பாதி விளங்கும். “எல்லாரும் ஆத்தோட பேசினா நான் யாரோட பேசுற?” என்று சத்தம் போட்டார். மிஸ்ஸின் முகம் வாடிவிட்டது. ஒருவருக்குத் திறந்த கதவு இன்னொருவரின் முகத்தில் மூடிக்கொள்ளும் என்று நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் தாத்தாவே தன் கதிரையை இழுத்து, நல்ல காது என் வாய்ப்பக்கம் வருகிற மாதிரிக் குறுக்கே போட்டுக்கொண்டார். “நீ ஆத்தப் பாரு புள்ள. நான் ஒன் வாயப் பாக்குறன். எனக்கு வெக்கமில்ல” என்றார். ஒரு ஆள் பார்த்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. அப்படித்தான் பேசப் பழகினேன்.

பிறகொரு நாள், இந்தப் பாஷையில் யாரிடம் என்ன சொல்ல ஆசை என்று மிஸ் கேட்டார். ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஐயா ஒருவர் இருந்தார். “கடைக்காரன் என்னை ஏசுறது வடிவா விளங்குது பிள்ளை. திருப்பி ஏசத்தான் தெரியேல்லை” என்றார். நிரை முழுவதும் சிரித்தது. என் முறை வந்தபோது, “டொக்டரிடம்” என்று மட்டும் ஆற்றுக்குச் சொன்னேன்.

மிஸ் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்தடுத்த வகுப்புகளில் எல்லோருக்குமே நோய் நொடிச் சொற்கள் வந்தன. தலை, நெஞ்சு, வயிறு, வலி, எப்போதிருந்து, எவ்வளவு. கிளார்க் ஐயாவும் சொன்னார், தாத்தாவும் சொன்னார். ‘லே யனவா’, இரத்தம் போகிறது என்று பனியைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து சொன்னோம். அத்தனை பேர் வாயிலும் இருந்ததால் அது யாருடைய சொல் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அதை மெதுவாக எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

மறுபடி கிளினிக் நாள் வந்தது. முழங்கால் திரும்ப வலிக்குது என்று மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். கதவருகில் மகனிடம், “நீ வெளிய இரு தம்பி” என்றேன்.

“நீங்க போய் என்னாத்தம்மா சொல்லப் போறீங்க?”

“இருன்னா இரு.”

உள்ளே அதே டொக்டர் அம்மா. என் முகத்தை நேராகப் பார்த்து, சொல்லுங்கள் என்றார். படித்ததெல்லாம் பறந்துவிட்டது. தலைப்பு வாய்க்கு வந்துவிட்டது. முழங்கால் என்கிற சொல் மட்டும் நாக்கு நுனியில் வந்து தயாராக நின்றது. அது வெளியே விழப்போகிற நேரத்தில், டொக்டர் எழும்பிக் கை கழுவப் போனார். குழாய்க்கு மேலே ஒரு ஜன்னல். அவருடைய முதுகு எனக்கும், முகம் வெளிச்சத்துக்கும்.

அது ஒரு நிரை.

தலைப்பை வாயிலிருந்து எடுத்து விரல்களுக்குக் கொடுத்தேன். விரல்கள் அதன் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி மடித்தன. ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். இரத்தம் போகிறது, வயசான பிறகு, போன மழைக்காலத்திலிருந்து. குழாய்ச் சத்தம் நின்றது. ஆனால் அவர் திரும்பவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, வலி இருக்கிறதா என்று ஜன்னலைக் கேட்டார். இல்லை என்றேன். மகனுக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அதற்குப் பிறகுதான் மெதுவாகத் திரும்பி வந்து, பயப்பட வேண்டாம், பரிசோதித்துப் பார்க்க வேண்டும், இனித் தள்ளிப்போடக் கூடாது என்றார். எல்லாம் விளங்கியது.

பெரியாஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் மகன் அதைப் பார்த்தான்.

“முழங்காலுக்கு எதுக்கும்மா பெரியாஸ்பத்திரி? உள்ள என்னா சொன்னீங்க?”

அவன் முகத்தில் பயம் இருந்தது. முகத்துக்கு முகம் அவனிடமும் எனக்குச் சொல்ல வராது. வாவிக்கரை பக்கத்தில்தான் இருந்தது. மழை விட்டு, தண்ணீரில் மலைகள் தலைகீழாக அசைந்துகொண்டிருந்தன.

“வா தம்பி, வாவியச் சுத்தி நடப்போம்” என்றேன். “நீ தண்ணியப் பாத்துக்கிட்டே வா. நான் சொல்றேன்.”