முதல் அடி அடிக்காத ராஜகோபாலன்

“நானா முதல் அடி அடிச்சேன்னு மெட்ராஸ்ல ஒருத்தன் சொல்லட்டும், அன்னிக்கே இந்த ஆட்டத்துக்கு ஒரு கும்பிடு.”

இப்படிப் பிரகடனம் செய்தவர் மயிலாப்பூர் ராஜகோபாலன், வயது முப்பத்தொன்று. இடம், பாண்டி பஜாரில் ஒரு மாடியில் குலாம் முகம்மது நடத்திய வீடியோ கேம் கடை. ஆண்டு 1995. சாட்சிகள், கல்லூரிக்குப் போகாத சில கல்லூரி மாணவர்கள்.

இப்பெருமகனின் வாழ்க்கையைச் சொல்லி வைப்பது நம் கடமை. பிறந்ததே எட்டாம் மாதத்தில். பஸ் வரவில்லையென்றால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடுவார். இரண்டு நிறுத்தங்களுக்கும் நடுவில் அவர் இருக்கும்போது பஸ் அவரைக் கடந்து போகும். சபாவில் தனியாவர்த்தனம் தொடங்கும்போது கேன்டீனில் போண்டா தின்றுகொண்டிருப்பார். தம் கல்யாணத்திலேயே கெட்டிமேளத்துக்கு முன்னால் தாலி கட்டப் போனவரை சாஸ்திரிகள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

சண்டை விளையாட்டின் முன்னால் மட்டும் அவர் சிலை. கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் திரையில் அவருடைய ஆள் கைகளை மறித்துத் தடுப்பான். எதிராளி குத்துவான், உதைப்பான், எகிறுவான். குத்திய கையை அவன் மடக்குவதற்குள் ஓர் இமைப்பொழுது கிடைக்கும். அதில் ராஜகோபாலன் ஒரே ஒரு பொத்தானை அமுக்க, எதிராளி மல்லாந்து கிடப்பான். எதிராளி கட்டிப்பிடித்துத் தூக்கி எறிந்தால் எந்தத் தடுப்பும் செல்லாது. ஆனால் அது வீரனுக்கு அழகில்லை என்பது குலாம் கடையில் எழுதாத சட்டம். சட்டம் இயற்றியவர் யாரென்று கேட்டால் எல்லோரும் ராஜகோபாலனைத்தான் பார்ப்பார்கள்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, மனைவி கோமளத்தோடு புடவை எடுக்க வந்தவர், கடைக்காரர் மூன்றாவது புடவையை விரிப்பதற்குள் மாயமானார். கோமளம் தேடவில்லை. நேராக குலாம் கடைப் படியேறினாள்.

“புடவைக் கடையில முள்ளு மேல உக்காந்தா மாதிரி நெளியறேள். இங்க தவமா?”

காத்திருக்கும் கலையைப் பற்றி அவர் நீண்ட விளக்கம் தந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் பக்கத்து ஸ்டூலில் அமர்ந்தாள்.

“ஒரே ஆட்டம். நான் ஜெயிச்சா, கடை சாத்தற வரைக்கும் என்னோட உக்காந்து புடவை பாக்கணும். வாட்சைப் பாக்கப்படாது. நீங்க ஜெயிச்சா இப்பவே ஆத்துக்குப் போயிடலாம்.”

ராஜகோபாலன் பெருந்தன்மையோடு சம்மதித்தார்.

கோமளம் கைப்பிடியை மாவரைப்பது போலச் சுழற்றி, கையில் பட்ட பொத்தான்களைத் தட்டினாள். அவளுடைய ஆள் எப்படியோ ஒரு நெருப்புப் பந்தை வீசினான். ராஜகோபாலன் அலட்டிக்கொள்ளாமல் தடுத்தார். ஆனால் நெருப்பைத் தடுத்தாலும் கொஞ்சம் சுடும் என்பது அந்த ஆட்டத்தின் விதி. திரையின் மேலே அவருடைய ஆளுக்கு மிச்சமிருக்கும் உயிரைக் காட்டும் ரத்தக்கோட்டில் மயிரிழை குறைந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. அடுத்து அவள் பாய்ந்து வருவாள், அவர் ஒரே அடியில் முடித்துவிடுவார்.

அவள் வரவில்லை. மேலே ஓடும் எண் என்னவென்று குலாமைக் கேட்டாள்.

“டைம்மா அது. முடியச்சொல்ல யாருக்கு ரத்தம் ஜாஸ்தி கீதோ அவங்க ஜெயிச்சாங்க.”

“இப்ப யாருக்கு ஜாஸ்தி?”

“உங்களுக்குத்தாம்மா.”

கோமளம் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

திரையில் இரண்டு வீரர்களும் எதிரெதிர் மூலையில் மூச்சுவாங்கியபடி நின்றார்கள். எண் இறங்கிக்கொண்டே இருந்தது. ராஜகோபாலனின் முழங்கால் ஆடத் தொடங்கியது. அடிக்க யாராவது வந்தால்தானே திருப்பி அடிப்பது. காத்திருந்தால் தோல்வி, பட்டும் ஜரிகையுமாக ஒரு மாலை முழுவதும் கண்முன் விரிந்து கிடந்தது. தடுத்த நெருப்பு அடிக்கணக்கில் சேராது, அதுவும் அவர் போட்ட சட்டம்தான்; தானாகப் போய் அடித்தாலோ, பிரகடனம் போச்சு.

“கோமு, ஏதாவது அமுக்கேன்.”

“எனக்கென்ன அவசரம்?”

பின்னாலிருந்து ஒரு மாணவன், “சார், முதல் அடி அடிக்கவே மாட்டீங்கள்ல?” என்று மிகுந்த பணிவோடு நினைவூட்டினான்.

முழங்காலின் ஆட்டம் ஸ்டூலுக்குப் பரவியது. ராஜகோபாலன் தொண்டையைக் கனைத்தார். மின்விசிறி ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று உரக்கக் கவலைப்பட்டார். எல்லோரும் அண்ணாந்து பார்த்த அந்த நேரத்தில், கைப்பிடியை முன்னால் தள்ளிக்கொண்டே போய் உதைக்கும் பொத்தானை அமுக்கினார்.

தேடி வருபவர்களையே அடித்துப் பழகிய கால் அது. தானாகத் தேடிப் போக வேண்டிய தூரம் அதற்குத் தெரியவில்லை. கோமளத்தின் ஆளுக்கு ஒரு முழம் முன்னால், வெறும் காற்றில் உதைத்தது. எண் பூஜ்யமானது.