மைக்கம்மாவின் பின்வாசல்

அந்த அதிகாரி முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. காலை மணி அடித்ததிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். எழுந்து அறையைச் சுற்றி ஒரு நடை நடந்திருந்தால் போதும். மனுஷன் நடக்கவில்லை.

நான் கொத்தனார். அஞ்சாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். என் மகள் படித்த அந்தப் பள்ளிக்கூடத்தில் உடைசல் ஒட்டுவதெல்லாம் நான்தான். அங்கே தலைமையாசிரியர் அறைக்கு அடுத்து, பிள்ளைகளுக்கென்று அரசாங்கப் பணத்தில் ஒரு மருத்துவ அறை நடந்தது. அதிலிருந்த நர்ஸுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மைக்கம்மா.

எல்லாம் மைக் வைத்ததுபோன்ற அவர் குரலால் வந்தது. தன் தம்பி வீட்டில்தான் குடியிருந்தார். வீட்டு ரகசியம் பேச வேண்டுமென்றால் தம்பி பெண்டாட்டி இவரை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போவாராம். அங்கே இவர் பேசுவது தெருவுக்கே கேட்டுவிடுமாம். இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் தலை அரிக்கிறது என்று போன என் மகளிடம், "பேனா? ஈரும் இருக்கே!" என்று அவர் கேட்டது மூன்று வகுப்புக்குக் கேட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து போர்வைக்குள் புகுந்தவள், இனிமேல் பள்ளிக்கூடமே வேண்டாம் என்றாள். நான் சண்டைக்குப் போனேன்.

"ஏம்மா, என் பொண்ணு மானத்தை ஏலம் போடுறியா?"

"இந்தப் பக்கம் வந்து திட்டுங்கண்ணே. அந்தக் காது கேக்காது" என்றார்.

சின்ன வயதில் அந்தக் காதில் சீழ் வடிந்ததாம். நாறுகிறது என்று கூடப் படிப்பவர்கள் சிரிப்பார்களே என்று பஞ்சை அடைத்து, மேலே முடியை இழுத்துவிட்டு, பெற்ற தாயிடம்கூட மறைத்தாராம். பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்ததே, இன்னொரு பிள்ளை அப்படி மறைக்கக் கூடாது என்றுதான்.

"வெக்கப்பட்டே ஒரு காதைத் தொலைச்சேன். இப்ப என் தொண்டையால உங்க பொண்ணு வெக்கப்படுதே" என்று முகத்தை மூடிக்கொண்டார். 

அந்த வாரமே அறையின் பின்சுவரை உடைத்துக் கதவு வைக்கச் சொன்னார். பின்னால் வெறும் செடிகொடி. ஆள் நடமாட்டம் கிடையாது. மேசையையும் அந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, நடுவில் ஒரு தடுப்பும் வைக்கச் சொன்னார். எவ்வளவு கத்தினாலும் வராந்தாவுக்கு எட்டாது. அதன்பிறகு பிள்ளைகள் வந்தார்கள். சிரங்குக்காரன், படுக்கையை நனைக்கிறவன், வயதுக்கு வந்து பயந்துபோன பெண் என்று ஒவ்வொருவராகச் செடிக்குள் நுழைந்து வந்தார்கள்.

அப்போதுதான் அரசாங்கம் புது ஆணை போட்டது. எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று நேரில் பார்த்துத்தான் இனி பணமாம். பார்க்க வந்தவர்தான் முன்வாசல் அதிகாரி. யாரென்று சொல்லாமல் உட்கார்ந்தார். வராந்தாத் தூணுக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த நான், யாரோ பிள்ளையைக் கூட்டிப் போக வந்தவர் என்று நினைத்தேன்.

சாயங்காலம் எழுந்து, தான் யாரென்று சொல்லிக்கொண்டே அறைக்குள் போனார். வாத்தியார்களும் கூடிவிட்டார்கள். நானும் வாசலில் போய் நின்றேன்.

"நாள் முழுக்க ஒரு பிள்ளைகூட வரலையேம்மா?"

"நிறைய வந்தாங்க சார். பின்பக்கமா வருவாங்க."

"அப்ப வந்தவங்களைக் கூப்பிடுங்க. என்ன ஏதுன்னு நானே கேட்டுக்கறேன்."

"கூப்பிடுங்கம்மா, ரூம் நிக்கணுமில்ல" என்றார் தலைமையாசிரியர்.

அன்றைக்கு என் மகளும் அங்கே போயிருந்தாள். இப்போது வாசலுக்கு நேரே வராந்தாவில் பையோடு எனக்காகக் காத்து நின்றாள்.

"என் பொண்ணு வந்தா சார், இதோ..." என்று வாயெடுத்தேன்.

"அண்ணே, சும்மா இருங்க!"

மைக்கம்மா போட்ட போட்டில் எல்லாரும் அடங்கினார்கள். மகளின் முகம் வெளுத்திருந்தது. அதை அவரும் பார்த்தார். பிறகு, அதுவரை நான் கேட்டிராத சின்னக் குரலில் சொன்னார்:

"யாரும் வரலை சார். அப்படியே எழுதிக்கோங்க."

"உக்காந்தே சம்பளம் வாங்கியிருக்காங்க" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். அது எந்தக் காதில் விழுந்ததோ, அவர் தலை நிமிரவில்லை. பூச்சுக் கரண்டியோடு நின்ற எனக்குக் கூசிப்போனது. பெற்ற மகளைச் சபையில் இழுத்துவிடப் பார்த்தவன் நான், காத்தவர் அவர்.

"ஆணைப்படி ஒரு வாசல்தான் இருக்கணும். ஒண்ணை அடைங்க. இன்னொரு தடவை வருவேன். அன்னிக்கும் ஆள் இல்லேன்னா பணம் கிடையாது" என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

கொஞ்ச நாளில் மைக்கம்மாவுக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் பையும் குடையுமாக வந்தார். பின்வாசலை அடைக்கச் செங்கல் இறக்கிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அண்ணே, ஒண்ணை அடைக்கணும்னுதானே சொன்னாரு? எதைன்னு சொல்லலையே?"

"இல்லம்மா."

குனிந்து, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"முன்வாசலை அடைச்சிடுங்க."