மருந்து என்று சொல்லக் கூடாது

வீட்டுக்குள் யார் வந்தாலும் தேவாசீர்வாதம் வாசலில் மறிப்பார். செருப்பைக் கழற்றச் சொல்வார். பிறகு புறங்கையால் அக்குளிலிருந்து இடுப்பு வரை ஒரு தடவு, உள்ளங்கை படாது. பை இருந்தால் அதன்மேல் இரண்டு தட்டு. கடைசியில் வந்தவரின் விரல்களை மூக்கருகே தூக்கி, பீடி வாசம் அடிக்கிறதா என்று மோந்துவிட்டு, "ம், உள்ள போ" என்பார். பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் போர்மேன். நாலு வருஷமாக மறதி நோய். மகள் பெயர் போய்விட்டது, காலையில் சாப்பிட்டது போய்விட்டது, இந்தச் சோதனை மட்டும் போகவில்லை.

பக்கத்து வீட்டுப் பத்திரகாளி கையை விரித்துக்கொண்டேதான் வருவாள்.

"போர்மேன் அண்ணே, நல்லாப் பாத்துக்கிடுங்க. மடியில அணுகுண்டு வச்சிருக்கேன்."

"அணுகுண்டு வெடி அடைக்கிறது அடுத்த ரூமு. அங்கன போ."

அவர் மனைவி பாக்கியவதிக்குச் சிரிப்பு வற்றி நாளாயிற்று. கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தால் குடத்துத் தண்ணீரைக் கொட்டுகிறார் என்று கரண்ட் அடுப்புக்கு மாறியிருந்தாள். அவர் காதுபட மருந்து என்றும் சொல்வதில்லை. மாத்திரை என்பாள், டானிக் என்பாள். மருந்து என்றால் அவருக்கு வெடியில் அடைக்கிற மருந்துதான்.

அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் நிற்கவில்லை. ஆமத்தூரிலிருந்து விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்கு ஏழு மாதம் அலைந்து, ஒரு வியாழக்கிழமை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினாள். பதினைந்து நாள் அவரை யார் பார்ப்பது? சாத்தூரில் வாத்தியார் குடும்பத்தில் வாக்கப்பட்ட மகள் ஸ்வீட்டி, "எங்க மாமியா வீட்ல எப்படிம்மா வச்சிக்கிட?" என்றாள். அவள் மாமனார் சிபாரிசில் ஒரு காப்பகத்தில் இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட்டியே கொண்டுபோய்ச் சேர்த்தாள். கார் கிளம்பும்போது பாக்கியவதி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை சொன்னாள்:

"ஏட்டி, மறக்காம காப்பகத்து ஆளுககிட்டச் சொல்லிரு. மருந்துங்கிற வார்த்தையே அவரு முன்னாடி கூடாது."

"சரிம்மா, சரிம்மா."

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. "பொம்பளப் பிள்ளைக மேல கை வைக்காரு. வந்து கூட்டிட்டுப் போங்க."

பாக்கியவதி போனாள். மேலாளர் அறையில், கோட்டுப் பை கிழிந்த நர்ஸ் பிள்ளை அழுதுகொண்டு நின்றது.

"என்ன நடந்துச்சு தாயி?"

"ஐயா, மருந்து கொண்டாந்திருக்கேன், வாயத் தொறங்கன்னுதான் சொன்னேன். பைக்குள்ள கைய விட்டுட்டாரு. எடுக்கவே மாட்டேன்னுட்டாரு."

பாக்கியவதிக்கு விளங்கிவிட்டது. "ஆளுக படுக்கிற எடத்துக்கு வெடிமருந்து வந்திருச்சுன்னு பயந்திருப்பாரு சார். அவரு பட்டாசுக் கம்பெனி போர்மேனு. சோதிக்கிறதுதான் அவரு வேலையே."

மேலாளர் கோப்பைப் பிரித்துப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மூடினார்.

"புருசன விட்டுக்குடுக்காம நீங்களும் ஏதாவது சொல்லத்தான செய்வீக. வயசான ஆம்பளைகட்ட இதெல்லாம் நாங்க பாக்காததா? கூட்டிட்டுப் போங்கம்மா."

அன்று சாயங்காலமே ஸ்வீட்டி போனில் கத்தினாள். "இனி மாமா மூஞ்சில நான் எப்படிம்மா முழிப்பேன்?"

"நான் சொல்லச் சொன்னத நீ சொன்னியா இல்லியாட்டி?"

"சொன்னேம்மா. சொல்லாம இருப்பனா?"

வியாழக்கிழமை பாக்கியவதி பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு, அவருக்குக் கஞ்சி ஊட்டினாள். அடுத்த தேதிக்கு மறுபடி முதலிலிருந்து வரிசை. காப்பகத்துப் பேச்சு எப்படியோ தெருவுக்கு வந்துவிட்டது. பத்திரகாளி இப்போதெல்லாம் வாசலுக்கு வெளியிலேயே நின்று, "அக்கா, சௌகரியமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறாள்.

ஒன்றரை மாதம் கழித்து, அவர் விட்டுவந்த துணிப்பையைக் காப்பகத்தார் அனுப்பி வைத்தார்கள். கைலிக்கு அடியில் சேர்க்கைப் படிவத்தின் நகல் இருந்தது. எல்லாம் ஸ்வீட்டியின் குண்டுக் கையெழுத்து. தொழில் என்ற இடத்தில் 'ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்' என்று எழுதியிருந்தாள். கவனிக்க வேண்டியவை என்ற இடத்தில், 'ஒன்றுமில்லை.'