உலைக்காகக் கட்டிய வீடு

திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே, கூரை வீடுகளுக்கு நடுவில் இது ஒன்றுதான் கல்வீடு. வண்டல் பூமியில் கல் கிடைக்காது. திருச்சிப் பக்கமிருந்து கருங்கல் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். முன்பாதி குடியிருப்பு, பின்பாதியில் செல்லம்மாள் அரிவாளும் ஏர்க்கொழுவும் அடிக்கிறார்.

மனை மிராசுதாருடையது. குடியிருந்து தொழில் செய்பவருக்கே மனை சொந்தம் என்று புதிய சட்டம் வந்திருக்கிறது. அதை விசாரிக்க இன்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார். பட்டறை இருந்த அடையாளமே தெரியக்கூடாதென்று, நேற்றே மிராசுதாரின் காரியஸ்தர் துருத்தியையும் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

"எதைக் காட்டப் போறீங்க?" என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்த நான் கேட்கிறேன்.

"வீட்டையே காட்டுறேன்" என்கிறார் செல்லம்மாள்.

இன்ஸ்பெக்டர் வந்ததும் காரியஸ்தர் பின்பாதியைக் காட்டி முந்திக்கொள்கிறார். "இது மாட்டுக்கொட்டகைங்க சார். இங்க பட்டறையே இருந்ததில்ல."

சுவரோடு சேர்த்துச் செதுக்கிய கல்தொட்டியைச் செல்லம்மாள் காட்டுகிறார். காய்ச்சிய இரும்பை முக்கும் தொட்டி அது.

"மாடு தண்ணி குடிக்கிற தொட்டிங்க" என்கிறார் காரியஸ்தர்.

"சரிங்க. பக்கத்துல சுவத்துக்குள்ளயே புகைக்கூண்டு வச்சிருக்கே, உங்க மாடு சுருட்டுப் புடிக்குமா?"

வாசலில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. புகைக்கூண்டுக்குள் கையை விட்டுத் துழாவுகிறார். முழங்கை வரை கரி. அந்தக் கையாலேயே பேனாவைத் திறந்து, தாளில் 'பட்டறை' என்று எழுதுகிறார்.

செல்லம்மாள் காரியஸ்தர் பக்கம் திரும்புகிறார். "அறுப்பு நெருங்குது. சாயந்திரத்துக்குள்ள துருத்திய அனுப்பிடுங்க. உங்க வயலுக்கும் அரிவா வேணும்ல?"