மன்றாட்டுமாலை சொல்கிறவளுக்கு மறதி நோயா?

போன வெள்ளிக்கிழமை ஒரு பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்பப் பார்த்தேன். மூக்குக்கு மேல் கோபம் எனக்கு.

இடம், கேரளத்து மலையில் சாந்தன்பாறையில் என் அக்கா செசிலியின் வீடு. ஏலத்தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. வந்தவள் ஜெயந்தி, பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரி. மறதி நோய் மூளையில் எப்படித் தொடங்குகிறது என்று டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். தோட்டத்துப் பெண்களோடு பேசிப் பேசி, அவர்களுக்கென்றே ஒரு டெஸ்ட் தயாரித்து வைத்திருக்கிறாள். அதை அக்காவிடம் நடத்திவிட்டு, சீக்கிரம் நரம்பு டாக்டரிடம் காட்டச் சொன்னாள்.

என் அக்காவையா?

முந்தின நாள் சாயங்காலம்கூட லயமே கூடி உட்கார, ஜெபமாலையை முன்னின்று சொன்னவள் அவள். மாதாவின் பட்டங்களை வரிசையாக அடுக்கும் மன்றாட்டுமாலை முழுக்க, புத்தகம் பார்க்காமல், ஒரு வார்த்தை பிசகாமல்! "உனக்கு வருமாம்மா?" என்று ஜெயந்தியிடம் எகிறினேன்.

அவள் கோபப்படவில்லை. "மனப்பாட ஜெபம் கடைசி வரைக்கும் நிக்குமுங்க. நேத்து எந்தக் காட்டுல காய் எடுத்தாங்கன்னு நீங்களே கேட்டுப் பாருங்க."

கேட்டேன். அக்கா சிரித்தாள். "இது என்னடி கேள்வி... காட்டுலதான் எடுத்தேன்."

தோட்டத்தில் ஒவ்வொரு பகுதியும் ஒரு காடு. எந்தக் காடு? பக்கத்தில் யார் நின்றது? மதியம் என்ன சாப்பிட்டாய்? அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இரண்டு வருடமாகவே அக்கா பிஞ்சுக் காயைப் பறித்துவிடுகிறாளாம். ஏலக்காயில் பழுத்ததை மட்டும் எடுத்து, பிஞ்சைச் செடியில் விட வேண்டும் — முதல் நாள் வேலைக்கு வருகிறவளுக்கே சொல்லிக் கொடுக்கிற பாடம். கங்காணி திட்டியிருக்கிறார். வீட்டில் கண் கோளாறு என்று நினைத்துக் கண்ணாடியை மாற்றியிருக்கிறார்கள். ஜெபம்தான் சரியாக வருகிறதே, மூளைக்கு என்ன கேடு என்று எல்லோருக்கும் நினைப்பு. எனக்கும்தான்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு மருத்துவ முகாமில் அக்காவுக்கு "மறதி நோய் சந்தேகம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அப்புறம் ஏன் விட்டோம்?

அன்றைக்கு லயத்திலிருந்து போன அத்தனை பெண்களுக்கும் அதே சீட்டு! கேள்வியெல்லாம் மலையாளத்தில். இது என்ன மலையாள மாதம்? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி. கடிகாரம் வரை. ஒரு வாக்கியம் எழுது... பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காதவளிடம், ஆடி ஆவணி என்று மாதம் சொல்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? அவளுக்கு மறதி இருக்கிறதா என்றா பார்த்தார்கள்? படிப்பு இருக்கிறதா என்றல்லவா பார்த்திருக்கிறார்கள்!

லயமே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாச் சீட்டும் அடுப்புக்குப் போனது. நல்லாயிருந்த அத்தனை பேருடைய பொய்ச் சீட்டோடு, அக்காவின் உண்மைச் சீட்டும் எரிந்தது. அந்த முகாமைக் கிண்டல் செய்து இதே பக்கத்தில் எழுதினேன். நீங்களும் ரசித்துக் கடிதம் போட்டீர்கள். என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

திங்கட்கிழமை நரம்பு டாக்டரும் அதையேதான் சொன்னார். மறதி நோய்தான். முன்பே வந்திருந்தால் குணமாக்கியிருக்க முடியாது, ஆனால் அவருடைய வருங்காலத்தை அவரிடமே கேட்டு முடிவு செய்திருக்கலாம் என்றார். யாரோடு இருக்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும்... அதையெல்லாம் இனி அக்காவுக்காக நாங்கள் முடிவு செய்ய வேண்டும். அவள் வாயால் சொல்ல வேண்டியதை நாங்கள் எப்படிச் சொல்ல?

ஜெயந்தியின் ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று கேட்டேன். பல்கலைக்கழகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஏற்கெனவே மலையாளத்தில் நல்ல டெஸ்ட் இருக்கும்போது, தோட்டத்துத் தமிழருக்கென்று தனியாக ஒன்று எதற்கு, தேவையை விளக்கவும் — என்று குறிப்பு.

தேவைதானே? ஐயாமார் ஒரு நடை சாந்தன்பாறைக்கு வரட்டும். அக்கா டீ போட்டுக் கொடுப்பாள். அவர்கள் குடித்து முடிப்பதற்குள் என் காதோரம் வந்து கேட்பாள்: "யாரு பிள்ள இவுக... டீ குடுத்தியா?"