சந்தனப் பொட்டுக்கு அடியில் நாலு ஸ்க்ரூ

ஆத்தூர் உடையப்பன் வீட்டில் கிழக்குப் பார்த்த அறை ஒன்று உண்டு. காற்றும் வெளிச்சமும் அந்த அறைக்குத்தான் வரும். கொசுவலை அடித்த ஜன்னல், வழுவழுவென்று தரை. அந்த வீட்டில் மனுசர் படுக்க லாயக்கான இடம் அது ஒன்றுதான். பதினேழு வருசமாக அதில் மனுசர் யாரும் படுத்ததில்லை. ஒரு கிராமபோன் பெட்டி குடியிருந்தது.

நான் செபாஸ்தியம்மாள். திண்டுக்கல்லில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பழைய இசைத்தட்டு சேர்ப்பது என் பைத்தியம். உடையப்பனுக்குத் தென்னந்தோப்பு பிழைப்பு, கிராமபோன் பைத்தியம். மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் இப்படிப்பட்ட பைத்தியங்கள் சேர்ந்து ‘ஊசியும் தட்டும்’ என்று ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். யாருக்காவது ஒரு பெட்டி கிடைத்தால், மற்றவர்கள் படத்தைப் பார்த்து, அது எந்தக் காலத்தது என்று சண்டை போட்டு முடிவு கட்டுவோம்.

அந்தச் சண்டைக்கே வராத ஆள் உடையப்பன். தன் பெட்டியின் வயசு அவருக்குத்தான் தெரியுமே! 1908. மதுரையில் பழைய சாமான் கடைக்காரர் விற்கும்போது சொன்னது. ஜமீன் வீட்டுப் பெட்டி, இந்தப் பக்கத்தில் இப்படி இன்னொன்று கிடையாது என்றும் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் வாயில் வந்ததைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் மனுசர்.

பார்க்க அழகான பெட்டிதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஊமத்தம்பூ மாதிரி விரிந்த பித்தளைக் குழல், கறுத்த மரம், முன்னால் பெயர்த் தகடு. ஆனால் அது பாடி ஒருத்தரும் கேட்டதில்லை. சாவி கொடுத்தால் ஸ்பிரிங் போய்விடும், ஊசி வைத்தால் தேய்ந்துவிடும் என்று அதைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார். இடி இடித்தால் எழுந்துபோய்ப் பார்ப்பார். தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போய், தாலி கட்டிய கையோடு பஸ் ஏறித் திரும்பியவர். வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியது கிடையாது.

அதைத் தொடும் உரிமை வருசத்தில் ஒரு நாள் அவர் மனைவி அழகம்மாளுக்கு மட்டும் உண்டு. ஆயுத பூசையன்று மோட்டார் பம்புக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைத்த கையோடு, பெட்டியின் தகட்டுக்கும் நாலு மூலையில் நாலு சந்தனப் பொட்டு வைப்பாள். பிறகு துடைக்க விடமாட்டார். துடைத்தால் பாலீஷ் போய்விடுமாம். அதனால் அடுத்த வருசப் பொட்டு முந்தின வருசப் பொட்டின் மேலேயே ஏறும். கடைசியில் நாலும் காய்ந்த வடகம் மாதிரித் தடித்துப் போயிருந்தன.

ஒரே மகள் வினிதாவை எரியோட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். போன கார்த்திகையில் அவளுக்கு ஏழாம் மாசம். தை பிறந்ததும் வளைகாப்பு போட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். மகளோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே அழகம்மாள் கிழக்கு அறையைக் கேட்டாள்.

“அது எப்புடி ஆகும்?” என்றார் உடையப்பன். “பிள்ளைக்குச் சாம்பிராணி போடுவீக. வெந்நி ஆவி வேற. மரம் ஊதிப் போயிரும். ஹால்ல ஒரு தட்டி மறைச்சுக் குடுப்போம்.”

ஸ்பீக்கரில் இருந்த வினிதா அத்தனையையும் கேட்டாள். “தட்டி மறைப்புல கெடக்க நான் வரலம்மா. இங்க எங்க அத்தையே பாத்துக்குவாக” என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அப்பா கூப்பிட்டால் எடுப்பதில்லை. அழகம்மாள் சோறு போட்டாள், வெஞ்சனம் வைத்தாள், புருசனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குச் செய்தி வந்தபோது பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளைக் கண்ணால் பார்த்தவள் நான்! தாய்வீட்டில் இடமில்லை என்று சொல்லக் கேட்டவளின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். “நூறு வருசத்துக்கு மேல தாங்குன பொருளு நர்சம்மா. எங்கையில வந்து கெட்டுச்சுன்னு பேராகக் கூடாதுல்ல?” என்றார். இந்த ஆளிடம் பேசுவதற்குப் பெட்டியிடமே பேசலாம் என்று வைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் குழு திண்டுக்கல்லில் கண்காட்சி வைப்பதாக முடிவானது. பொறுப்பு ஒட்டன்சத்திரம் பொன்னழகுவுக்கு. காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர், கிராமபோன் பெட்டிகளைப் பிரித்துப் பிரித்தே பழகியவர். எல்லாரும் பார்த்து ஒப்புக்கொண்ட வருசத்தை மட்டுமே அட்டையில் எழுதுவது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். 1908 என்று எழுதச் சொல்லி உடையப்பன் செய்தி போட்டதும், “ஏனுங்க உடையப்பண்ணா, கோவிச்சுக்காதீங்க. எல்லார்த்துக்கும் ஒரே சட்டமுங்க. தகட்டையும் ஸ்க்ரூவையும் கிட்டத்துல காட்டோணும்” என்று பதில் வந்தது.

உடையப்பனுக்குக் கோபமே வரவில்லை, சந்தோசம்தான். குழு முத்திரை குத்திவிட்டால் வீட்டிலும் வாயடைத்துப் போவார்கள் என்று கணக்குப் போட்டார். போனில் படம் பிடிக்கத் தெரியாததால் என்னைக் கூப்பிட்டார். பெட்டி அசல் என்று ஆகிவிட்டால் வினிதாவுக்கு அந்த அறை என்றைக்கும் இல்லை என்பது தெரிந்தும், கூப்பிட்டால் போயாக வேண்டும் என்ற குழுப் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டு, அரை மனசோடு ஆத்தூர் பஸ் ஏறினேன்.

வீடியோவில் பொன்னழகு வந்தார். தகட்டைக் காட்டினேன். “ஸ்க்ரூ எதுவுமே தெரியலீங்க. அதென்னுங்க மேல, நாலு உருண்டை?” என்றார்.

“நான் வச்ச பொட்டு. நானே தொடைக்கிறேன்” என்று அழகம்மாள் ஈரத்துணியோடு வந்தாள். சந்தனம் பக்குப் பக்காக உரிந்து வந்தது. அடியில் ஸ்க்ரூவின் தலை தெரிந்தது. பழைய பெட்டிகளில் நடுவே ஒரே கோடாகத்தான் பள்ளம் இருக்கும். இதில் கூட்டல் குறி இருந்தது. ஸ்டார் ஸ்க்ரூ. நாலும்.

பொன்னழகு நாலையும் ஒவ்வொன்றாகக் கிட்டத்தில் காட்டச் சொன்னார். “அண்ணா, இந்த மாதிரித் தலை முப்பதுகளுக்கு அப்புறந்தானுங்க புழக்கத்துக்கே வந்துச்சு. ஒண்ணுன்னா யாரோ மாத்திப் போட்டதுன்னு விட்டுரலாம். நாலும் அப்படி இருக்குதே. மேல் பலகையத் தூக்கி உள்ள பாத்துருவோமுங்களா?”

உடையப்பன் தன் கையாலேயே திருப்புளியைப் பிடித்துத் திருகினார். பலகையைத் தூக்கினால், மேலே கறுப்புச் சாயம் அடித்த மரம் உள்ளே புது மாம்பலகையாக வெளுத்துக் கிடந்தது. தட்டைச் சுழற்றும் மோட்டார், ரொம்பப் பிந்தின காலத்தில் கையில் தூக்கிப் போன கிராமபோன் ஒன்றிலிருந்து கழற்றியது. பித்தளைக் குழல் இந்தக் காலத்தில் செய்தது. ஊசி மாட்டும் சவுண்ட் பாக்ஸ் மட்டும் நிஜமாகவே பழசு. நாலு பெட்டியின் மிச்சம் மீதியைச் சேர்த்துக் கட்டிய சாமான் அது. “மன்னிச்சுக்கோங்கண்ணா” என்றார் பொன்னழகு, என்னவோ அவரே செய்து விற்ற மாதிரி.

உடையப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையைப் பிடித்து நாடி பார்த்தேன். அழகம்மாள் அத்தனை நாள் கோபத்தையும் மறந்து, “எந்தப் பாவிங்க இப்புடி ஏமாத்துனது? விடுங்க, பாக்க அழகாத்தான இருக்கு” என்று அவர் முதுகைத் தடவினாள். நாடி சீராகத்தான் ஓடியது. அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“அப்பாடா” என்றார்.

அந்த வார்த்தையை நான் வார்டில் நிறையக் கேட்டிருக்கிறேன். வலி முடிந்தவர்கள் சொல்வது. “நர்சம்மா, இடி இடிச்சாக்கூட இனி நான் எந்திரிக்க வேணாம்ல?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சிரித்தார், கண்ணிலும் தண்ணீர் வந்தது.

பிறகு அழகம்மாளின் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு மகளைக் கூப்பிட்டார். “ஆத்தா, அப்பா பேசுறேன். வச்சுராத. ரூம்பு காலியாயிருச்சு. வந்துரு.”

“பெட்டிய எங்க வச்சீக?”

“அது டூப்பு ஆத்தா. இப்பத்தான் தெரிஞ்சுச்சு.”

வினிதா நிதானமாகக் கேட்டாள். “அது ஒசத்தியா இருந்திருந்தா என்னையக் கூப்புட்டிருக்க மாட்டீக. அப்புடித்தானப்பா?”

அழகம்மாள் என்னைப் பார்த்தாள். சமாளித்து ஏதாவது சொல்லித் தொலைக்க மாட்டாரா இந்த மனுசர் என்று எனக்கு இருந்தது. உடையப்பன் சமாளிக்கவில்லை.

“கூப்புட்டிருப்பேன்னு சொன்னா பொய்யாப் போகும். எனக்கே தெரியல ஆத்தா. இம்புட்டு வருசமும் அதுக்குக் காவக்காரனாவே கெடந்துட்டேன். நல்லவேளை டூப்பாப் போச்சு. இல்லாட்டி ஒன்னைய வெளிய நிறுத்துன பாவம் சாகுற வரைக்கும் போயிருக்காது. அப்பன மன்னிச்சுரு.”

வினிதா விசும்பிக்கொண்டே, “ஜன்னல் பக்கமா கட்டிலப் போடுங்க” என்றாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

கண்காட்சிக்கு அந்தப் பெட்டி வராமல் இல்லை. அட்டையில் ‘பல காலம், பல வீடு, சேர்த்துக் கட்டியது’ என்று பொன்னழகு எழுதினார். நாலு ஸ்டார் ஸ்க்ரூவையும் உடையப்பனே எல்லாருக்கும் காட்டினார். கேட்டவர்களுக்கெல்லாம் சாவி கொடுத்துப் பாட வைத்தார். கரகரவென்றுதான் பாடியது, ஆனால் பாடியது. அன்றைக்கு என் வீட்டில்தான் ராத்தங்கினார், குறட்டை விட்டுத் தூங்கினார்.

மாசியில் வினிதாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. தனுஷ் என்று பெயர் வைத்தார்கள். கிழக்கு அறையில் தொட்டில் கட்டி, சாம்பிராணி போட்டார்கள். பெட்டி ஹாலுக்கு வந்தது. பித்தளைக் குழலில் பிள்ளைத் துணி காயும்.

இந்த ஆயுத பூசைக்கு நான் ஆத்தூர் போயிருந்தேன். தனுஷ் தவழ்ந்து வந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான், யாரும் தடுக்கவில்லை. அழகம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு நேராகப் பெட்டிக்கு வந்தாள்.

“டூப்புக்கும் பொட்டா?” என்று கிண்டல் செய்தார் உடையப்பன்.

“மொதப் பொட்டே இதுக்குத்தான்” என்றாள் அவள். “எம்மகள வீட்டுக்குக் கூட்டியாந்தது இதுதான, நீங்களா கூட்டியாந்தீக?”